வந்தானா, வந்தாளா: ஒரு லாட்ஜ் நாடகமும் நாலு நாள் சண்டையும்

வந்தான், வந்தா, வந்துச்சு. எங்க நாடகத்துல வர்ற திருநங்கை பாத்திரத்துக்கு இந்த மூணுல எதைச் சொல்றதுன்னு குரூப்ல நாலு நாள் சண்டை. ஷோவுக்கு பன்னெண்டு நாள்தான் இருக்கு, செட்டுக்கு வாங்கின பிளைவுட் மழைல நனைஞ்சு உப்பிப்போய் கிடக்கு, லைட்டுக்காரருக்கு இன்னும் அட்வான்ஸ் குடுக்கல, நாங்க என்னடான்னா வேலூர் கோட்டை பார்க்ல உக்காந்துகிட்டு ஒரு வினைச்சொல்லோட வாலைப் புடிச்சு இழுத்துகிட்டு இருக்கோம். பக்கத்துல மல்லாட்டை வித்துகினு இருந்த அம்மா எங்களையே பாத்தாங்க, ஏதோ சொத்துத் தகராறுன்னு நெனச்சிருப்பாங்க.

இப்பதான் கவனிச்சேன், ரெண்டு எடத்துல 'கிட்டு'ன்னு எழுதிட்டு மூணாவது எடத்துல 'கினு'ன்னு எழுதிட்டேன். மாத்தல, இருக்கட்டும். டைப் பண்றப்ப நான் 'கிட்டு' ஆளு, வாயத் தொறந்தா 'கினு' ஆளு. நான் சொல்ல வர்றதே அதப்பத்திதான்.

எனக்கு ஊரு ஆரணி பக்கம். நான் பொறந்தப்ப அது வட ஆற்காடு மாவட்டம், 1989ல பிரிச்சப்ப நாங்க திருவண்ணாமலை சம்புவராயர் பக்கம் போயிட்டோம், வேலூரு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆச்சு, அப்புறம் வெறும் வேலூர் மாவட்டம், 2019ல அதுலேருந்தும் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியா போயிடுச்சு. எங்க பாட்டி மட்டும் சாகற வரைக்கும் 'வட ஆற்காடு ஜில்லா'ன்னுதான் அட்ரஸ் சொல்லுவாங்க. வீட்ல தெலுங்கு, தெருவுல தமிழ். ஒண்ணாங்கிளாஸ்ல வாத்தியாரு எண்ணுடான்னதும் வீட்டு ஞாபகத்துல 'ஒகட்டி, ரெண்டு, மூடு'ன்னு ஆரம்பிச்சேன், மூணாவதுலயே முதுகுல ஒண்ணு விழுந்துச்சு, வாத்தியாரையே மூடுன்றான் பாருன்னு. அன்னியிலேருந்து வாய்விட்டு எண்றது தமிழ்ல, உள்ளுக்குள்ள தெலுங்குல. எங்க நைனாவும் அப்படித்தான், வியாபாரத்துல ஒரு மணி நேரம் தமிழ்லயே பேரம் பேசுவாரு, பணம் கைக்கு வந்த ஒடனே ஒதடு தெலுங்குக்குப் போயிடும்.

2009லேருந்து ஆறு வருஷம் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு லாட்ஜ்ல ரிசப்ஷன் வேலை பாத்தேன். வேலூர் தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேணாம், காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் நடந்தா பாதி போர்டு பெங்காலில இருக்கும், கொல்கத்தாலேருந்தும் ஜார்கண்ட்லேருந்தும் பங்களாதேஷ்லேருந்தும் ஃபைலை அக்குள்ல இடுக்கிகினு ஜனம் வந்துகினே இருக்கும். 'கோதோ தின் தாக்பேன்?', எத்தன நாள் தங்குவீங்க, இதுதான் நான் கத்துகிட்ட மொத பெங்காலி. அப்புறம் தாதான்னா அண்ணன், தீதின்னா அக்கா, வாடகை, வெந்நீர், லிஃப்ட் ரிப்பேரு, இப்படி ஒரு அறுபது எழுபது வார்த்தை. கொஞ்ச நாள் போனதும் ஒரு விஷயம் கவனிச்சேன். பெங்காலில எனக்குக் கோவமே வரல. பில்லு கட்டாம இழுத்தடிக்கிறவர்கிட்டகூட சாந்த சொரூபியா நிப்பேன், ஏன்னா திட்றதுக்கு வார்த்தை தெரியாது. அவங்க ஊருக்குப் போயி, வேலூர்ல தங்கமான பையன் ஒருத்தன் இருக்கான்னு சொல்லியிருப்பாங்க. அதே கவுண்ட்டர்ல அதே நேரத்துல தண்ணி லாரிக்காரரோட போன்ல நான் பேசின தமிழ அவங்களுக்கு யாராவது பெயர்த்துச் சொல்லியிருந்தா அந்தத் தங்கம் அன்னிக்கே பித்தளை ஆயிருக்கும். எது நானுன்னு கேட்டா என்னத்த சொல்றது. ரெண்டுமேதான்.

இத நாடகமாக்கணும்னு தோணி, எழுதி, மேடைக்குக் கொண்டு வர்றதுக்குள்ள அந்த வேலையே போயிடுச்சு. கதை சின்னதுதான். லாட்ஜ் ரிசப்ஷன், ஒரே ராத்திரி. பேர்ணாம்பட்டுலேருந்து வந்த முஸ்லிம் வீட்டு ரிசப்ஷன் பையன், அவனுக்குப் பேரு கிடையாது, ஸ்கிரிப்ட்ல 'பையன்'னுதான் இருக்கும், ஒருத்தரு டேய்ம்பாரு, ஒருத்தரு பாய்ம்பாரு, பெங்காலிக்காரங்க தாதாம்பாங்க, அவங்க அம்மா போன்ல பேட்டாம்பாங்க. 12ம் நம்பர் ரூமுக்கு கிராமத்துலேருந்து ஒரு அம்மா நெஞ்சு வலின்னு வந்திருக்காங்க, கூட இருந்து பாத்துக்க, எட்டு வருஷம் முன்னாடி வீட்டை விட்டுப் போன புள்ள வருது. போகும்போது பையனா போனவங்க, இப்ப திருநங்கை.

2018ல மொத தடவ போட்டோம். ஊத்திக்கிச்சு. நடிச்சவங்க மேல தப்பே இல்ல, எழுதின நான்தான் காரணம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பாஷைன்னு ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிட்டேன். லாட்ஜ் ஓனருக்கு மெட்ராஸ் தமிழு, கிராமத்து அம்மாவுக்கு எல்லா வரியிலயும் 'இன்னா', 'கீது', பையனோட அம்மாவுக்கு சினிமால வர்ற அந்த 'நம்பள் நிம்பள்' தமிழு. அந்தம்மா போன்ல அழற சீன்ல ஜனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. எனக்குச் சைடுல நின்னுகினு கை காலெல்லாம் சில்லிட்டுப் போச்சு. முடிஞ்சதும் பெரியவரு ஒருத்தரு, தோல் கிடங்குல வேலை பாத்து ரிட்டயர் ஆனவராம், தாடியெல்லாம் மருதாணி, தோள்ல கை வச்சு சொன்னாரு: "தம்பி, நாடகம் நல்லாதான் கீது. ஆனா அந்தப் பையனோட அம்மா பேசுச்சே, அது எந்த ஊரு பாஷை? எங்க வூட்ல யாரும் அப்டி பேசமாட்டாங்கப்பா. சினிமாவுல ஒண்டி தான் பேசுவாங்க."

நான் வேலூர்ல இத்தன வருஷமா இருக்கேன். ஆம்பூரு, வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம்னு முஸ்லிம் வீடுங்கள்ல தக்னி உருது பேசறத தெனம் கேட்டுகினு இருக்கேன். 'நக்கோ'ன்னா வேணாம், 'ஹவ்'னா ஆமா, 'கைக்கு'ன்னா எதுக்கு, இது பஸ்ல போறவனுக்கெல்லாம் தெரியும். அந்த வீட்டு அம்மா நம்மகிட்ட தமிழ் பேசினா சுத்தமா வேலூர் தமிழ்தான் பேசுவாங்க. காது கேட்டது ஒண்ணு, பேனா எழுதினது சினிமா. எழுதறவங்க யாரா இருந்தாலும் சொல்றேன், ஒரு பாத்திரத்தோட பேச்சு ரொம்ப சுளுவா கைக்கு வந்துச்சுன்னா அது நீங்க தெருவுல கேட்டதா இருக்காது, தியேட்டர்ல கேட்டதா இருக்கும்.

அந்தப் பெரியவரையே கெஞ்சிக் கூட்டிட்டு வந்து ரெண்டு ஞாயித்துக்கிழமை ரிகர்சல்ல உக்கார வச்சோம். அவருகூட இருந்தப்பதான் புரிஞ்சுது. அவரு பேரன்கிட்ட தக்னில பேசுவாரு, பேரன் கான்வென்ட்டு, பாதி இங்கிலீஷ்ல பதில் சொல்லுவான், எங்ககிட்ட தமிழு, போன்ல வேற யாரோ முதலாளி மாதிரி ஆளு வந்தா தொண்டையே மாறிடும், 'ஜீ, ஜீ'ன்னு சுத்தமான உருது. அவரு டீ கிளாஸ கீழ வச்சிட்டு போனை எடுக்கற அந்த அரை நொடி இருக்கே, அதுலதான் முதுகு நிமிருது, சிரிப்பு போகுது. நான் அந்த அரை நொடிய எழுதாம, ரெண்டு பக்கத்துலயும் இருக்கற வசனத்த மட்டும் எழுதியிருக்கேன்.

அதுக்கப்புறம் ஸ்கிரிப்ட்ட அப்படியே எடுத்து வச்சிட்டு ஒரு நாப்பது பக்கம் நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கட்டம் போட்டு, யாருகிட்ட பேசறாங்க, அவங்கள என்னான்னு கூப்பிடறாங்க, தன்னை என்னான்னு சொல்லிக்கிறாங்க, காசு எந்த பாஷைல எண்றாங்க, வலிச்சா எந்த பாஷைல கத்துவாங்க, எந்த பாஷைல அவங்களுக்குப் பொய் சொல்ல வரும், எதுல வராதுன்னு எழுதினேன். இது ஒரு வாரம் எடுத்துச்சு, வசனம் மாத்த ரெண்டு நாள்தான் ஆச்சு. பையனோட கட்டத்துல வேடிக்கையா ஒண்ணு கெடச்சுது. அவனுக்கு பெங்காலில பொய் சொல்ல வராது, நான் கோவப்பட முடியாம நின்ன மாதிரி. 'ரூம் இல்ல'ன்னு ஓனரு சொல்லச் சொன்னா தமிழ்க்காரங்ககிட்ட கண்ண சிமிட்டாம சொல்லிடுவான், பெங்காலில சொல்லும்போது மட்டும் மாட்டிக்குவான், வார்த்தை பத்தாது, வார்த்தை பத்தாதனால மொகம் காட்டிக் குடுத்துடும். நல்லவனா கெட்டவனான்னு நான் எழுதவே வேணாம், பாஷையே அந்த வேலைய பாத்துகிச்சு. ஒரு மொழி கொறைவா தெரியறதும் பாத்திரத்தோட ஒரு பங்குதான், நாம வழக்கமா நல்லா தெரிஞ்ச மொழிய மட்டும்தான் கணக்குல எடுத்துக்கறோம்.

ஓனருக்கு வசனம் மாத்தவே இல்ல, ஒத்த வார்த்தைதான். தமிழ்ல நமக்கு 'நாம'ன்னு ஒண்ணு, 'நாங்க'ன்னு ஒண்ணு இருக்கே, கேக்கறவனையும் சேத்துக்கறது ஒண்ணு, வெளிய நிக்க வைக்கிறது ஒண்ணு. நான் வேலை பாத்த எடத்துல கவனிச்சிருக்கேன், பாத்ரூம் அடைச்சிகிச்சுன்னா அது 'நம்ம லாட்ஜ்', சீசன்ல நாலு காசு வந்தா 'எங்க லாட்ஜ்'. இத அப்படியே ஓனர் வாய்ல போட்டோம். பையன் மொதல்ல 'நம்ம லாட்ஜ்'னு கஸ்டமர்கிட்ட பெருமையா சொல்லுவான், கடைசிக்கு முன்னாடி சீன்ல, சாவிய கவுண்ட்டர்ல வைக்கும்போது, 'உங்க லாட்ஜு சார்'ம்பான். அவ்ளோதான் அவனோட ராஜினாமா. முன்னாடி அந்த எடத்துல முக்கா பக்கத்துக்கு ஒரு ஆவேச வசனம் வச்சிருந்தேன், அத நெனச்சா இப்பவும் கூச்சமா இருக்கு.

நவீன நாடகம் படிக்கிறவங்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லதான். பெர்னார்ட் ஷாவோட பிக்மாலியன்ல பூ விக்கிற எலைசா உச்சரிப்பு மாறி சீமாட்டி ஆவா, அது எல்லாருக்கும் தெரியும். இங்கிலீஷ் உச்சரிப்ப பத்தின அந்த நாடகம் 1913ல மொதமொதல்ல மேடை ஏறினது வியன்னால, ஜெர்மன்ல, லண்டனுக்கு மறு வருஷம்தான் வந்துச்சு! எனக்கு அதுல புடிச்சது பந்தாவா பேசற எடம் கிடையாது, கடைசி அங்கம். என் பழைய பாஷை மறந்தே போச்சு, இனிமே உங்க பாஷைதான்னு சொல்றா, சொல்லி வாய மூடறதுக்குள்ள அப்பன்காரன் புதுச் சட்டை போட்டுகினு வந்து நிக்கிறான், அவன பாத்த அதிர்ச்சில பழைய கூச்சல் அப்படியே வாய்லேருந்து வருது. பழைய பாஷை எங்கயும் போகல, உள்ள உக்காந்துகினு இருந்திருக்கு. பீட்டர் ஹான்ட்கேவோட காஸ்பர்ல, 1968, இன்னும் கொடூரம், ஒரே ஒரு வாக்கியத்தோட மேடைக்கு வர்றவனுக்கு மத்த குரலுங்க பேச்ச ஊத்தி ஊத்தியே ஒழுங்கான ஆளாக்கிடும், ஆக்கறதுன்னா உடைக்கிறதுதான். பிரெக்ட்டோட 1926 நாடகம் ஒண்ணுல மீன் வாங்கப் போன கேலி கே இன்னொருத்தன் பேரச் சுமந்து சிப்பாய் ஆயிடறான், அதுவும் வெள்ளைக்காரன் காலத்து இந்தியாவுல. அந்தக் கதைய நாங்க படிச்சது இதே கோட்டைக்குள்ள உக்காந்து. 1806 ஜூலை 10ந்தேதி இங்க சிப்பாய்ங்க எழுந்ததுக்கு ஒரு காரணம், புது மாதிரி தலப்பா போடு, நெத்தில குறி வைக்காத, தாடிய எடுன்னு வந்த உத்தரவு. மேல மாட்டறத மாத்தினா உள்ள இருக்கற ஆளும் மாறிடுவான்னு சிப்பாய்க்குத் தெரிஞ்சிருக்கு. சரி, கிளை பிரிஞ்சு போயிட்டேன்.

நமக்கு வெளிநாட்டு நாடகம்தான் வழின்னு இல்ல. எங்க ஊர்ல பாரதம் வைப்பாங்க, பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளம். செய்யாறு பக்கத்துல புரிசை, கூத்து வாத்தியாரு கண்ணப்ப தம்பிரான் ஊரு. 1977ல ந. முத்துசாமி ஆரம்பிச்ச கூத்துப்பட்டறை நாடகக் குழு தம்பிரான்கிட்டதான் வந்து கத்துகிச்சு, சென்னைல நவீன நாடகம்னு பேசறதுல பாதி எங்க வயக்காட்டு மண்ணு. சின்ன வயசுல கூத்து பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், வேஷக்காரரு திரைக்குப் பின்னாடி நின்னுகினே பாட ஆரம்பிச்சிடுவாரு, கிரீடத்தோட உச்சி ஒண்டிதான் நமக்குத் தெரியும். அவரு தன்னைப் பத்தியே 'வந்தானே'ன்னு பாடுவாரு, 'வந்தேனே'ன்னும் பாடுவாரு. கட்டியங்காரன், அதான் கூத்துல கோமாளி மாதிரி வர்றவன், வந்து, யாருங்க நீங்க, எந்த ஊரு, இங்க இன்னா வேலைன்னு கேப்பான். ராஜா செந்தமிழ்ல முழங்குவாரு, கட்டியங்காரன் ரேஷன் கடை தமிழ்ல மடக்குவான். ராத்திரி பத்து மணிக்கு நம்மகூட டீ குடிச்ச மனுசன், மொதல்ல 'அவன்' ஆயி, அப்புறம்தான் ராஜாவா 'நான்'னு சொல்லிக்கிறாரு.

எங்க ஊரு பழைய கூத்துக்காரரு ஒருத்தரு, பாஞ்சாலி வேஷம் கட்டினவரு, இத நாங்க விளக்கமா கேட்டதுக்கு ஒரே பதில்தான் சொன்னாரு: "நான்னு எவன் வேணா சொல்லிக்கலாம் சாமி. கட்டியங்காரன் 'அம்மா'ன்னு கூப்பிடணும். கூப்பிடலன்னா பொடவ கட்டிகினு நின்னாலும் நான் ஆம்பளதான்." அப்ப அதோட முழு அர்த்தம் எங்களுக்குப் புரியல.

இப்ப அந்தச் சண்டைக்கு வர்றேன். புள்ளையா நடிச்சவங்க நெசத்துலயும் திருநங்கைதான். அம்மாவா நடிச்சது ஒரு டீச்சரக்கா. மொத சீன்ல ரிஜிஸ்டர் நிரப்பணும். பையன் கேப்பான், கூட இருக்கறது யாரு, மகனா மகளா, உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்கும்மா. நான் லாட்ஜ்ல நூறு தடவ கேட்ட கேள்விதான். 2008ல தமிழ்நாட்டுல திருநங்கைங்களுக்கு நல வாரியமே வந்துடுச்சு, நாங்க ரிசப்ஷன்ல வச்சிருந்த நோட்டுல கட்டம் ரெண்டுதான். அந்தம்மா சொல்ற பதில், "எம்புள்ள." நம்ம பக்கம் புள்ளன்னா ஆணும் ஆகும் பொண்ணும் ஆகும். அவங்க தப்பிச்சிட்டாங்க. பையன் பேனாவ தூக்கிகினே நிப்பான். இதுவரைக்கும் யாருக்கும் தகராறு இல்ல.

கடைசி சீன்ல அம்மா தன் புள்ளைய மகளா ஏத்துக்கணும், நான் எழுதினது அம்மா கட்டிப்புடிச்சு "வாடி என் மகளே"ம்பாங்க. படிச்சதும் புள்ளையா நடிக்கிறவங்க ஸ்கிரிப்ட்ட மூடி வச்சிட்டாங்க. "அண்ணா, இத சொல்லிட்டு நான் மேடைல எப்படி நிப்பேன்"னு கேட்டாங்க. எனக்குக் கோவம், ஏன், உருக்கமாதானே இருக்குன்னேன். டீச்சரக்கா என் பக்கம். மத்தவங்க ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி. ஒருத்தரு 'வந்துச்சு'ன்னு சொன்னா போதும்ன்றாரு, நம்ம ஊர்ல பொண்ணுங்களகூட அது வருது இது போகுதுன்னு பாசமா சொல்றதுதானேன்னு. அதுக்கு அவங்க, "ஒங்க வூட்டுப் பொண்ண அதுன்னா பாசம், என்ன அதுன்னா அதுவே வேற"ன்னாங்க. ரெண்டு நாள் இப்படியே போச்சு. மூணாவது நாளு, வெயில் எறங்கின பின்னாடி, அகழிப் பக்கம் உக்காந்துகினு அவங்களே சொன்னாங்க. நான் அத அப்படியே என் ஞாபகத்துலேருந்து எழுதறேன், அவங்ககிட்ட கேட்டுட்டுதான்.

"நான் நாலு வருஷம் மும்பைல இருந்தேண்ணா. இந்தில 'ஜாதா ஹூம்'னா ஆம்பள போறேன்றது, 'ஜாதீ ஹூம்'னா பொம்பள போறேன்றது. நான் போன மொத மாசமே ஜாதீ, ஆதீன்னு பேச ஆரம்பிச்சிட்டேன், என் வாயாலயே நான் பொண்ணாயிட்டேன். யாரையும் கேக்க வேணாம். தமிழ்ல எனக்கு அந்த வசதி இல்ல. 'நான் போறேன்'னா யாரு வேணா போலாம். இங்க நான் மத்தவங்க வாயாலதான் ஆகணும். எங்கம்மா எனக்கு எதிர்ல எப்படி பேசுவாங்க தெரியுமா? முன்னெல்லாம் 'வாடா, துன்னுடா'. நான் திரும்பி வந்த பின்னாடி அந்த 'டா' ஒண்டி போயிடுச்சு. 'வா. துன்னு. தூங்கு.' மொட்டையா. 'டி' போடவும் வாய் வரல, 'டா' போடவும் மனசு வரல. ரெண்டு வருஷம் அப்படி மொட்டையாவே பேசினாங்க. ஒருநாள் நான் பின்பக்கம் துணி தொவச்சிகினு கீறேன், பக்கத்து வூட்டு அத்த கேஸ் புக் பண்ணியாச்சான்னு கேக்குது, எங்கம்மா சொல்றாங்க, 'அவ வந்தா புக் பண்ணுவா'. அவ்ளோதான். எனக்கு எதிர்ல சொல்லல. நான் கேக்கறேன்னுகூட அவங்களுக்குத் தெரியாது. நான் சோப்பு கையோட அப்டியே குந்திகினு இருந்தேன்."

யாரும் ஒண்ணும் பேசல. எனக்கு அந்தக் கூத்துக்காரரு ஞாபகம் வந்தாரு. கட்டியங்காரன் 'அம்மா'ன்னு கூப்பிடணும்னு அவரு சொன்னது, திரைக்குப் பின்னாடியே 'வந்தானே'ன்னு பாடறது, எல்லாம் ஒண்ணா வந்து விழுந்துச்சு. நான் ஆறு மாசமா பாத்திரத்த தன்னைப் பத்தியே பேச வச்சு, அதுலேருந்து அவங்க யாருன்னு காட்டப் பாத்துகினு இருந்தேன். தமிழ்ல ஒருத்தரு யாருன்றது அவங்க பக்கத்துல இல்லாதப்ப, கேஸ் சிலிண்டர் பேச்சுல, 'ஆன்' 'ஆள்'ல முடிவாகுது. கட்டிப்புடிச்சு அழற சீன எடுத்துட்டோம். நாலாவது நாள் சண்டை எடுக்கலாமா வேணாமான்னு, அத சொல்லி உங்க நேரத்த வீணடிக்க வேணாம், டீச்சரக்காவுக்கு அந்த அழுகை சீன்தான் ரொம்ப புடிச்சிருந்துச்சு, பாவம்.

புது சீன் இப்படி. புள்ள மாத்திரை வாங்க வெளிய போயிருக்கு. அம்மா ரிசப்ஷனுக்கு வந்து பையன்கிட்ட வெந்நீர் கேக்கறாங்க. பேச்சுவாக்குல ஊர்ல கேஸு தீந்துபோச்சு, போன்ல புக் பண்ணத் தெரியல எனக்குன்றாங்க. பையன் நான் பண்ணித் தரட்டுமான்னு கேப்பான். "வேணாம்பா, அவ வந்தா பண்ணுவா." பையன் ஒண்ணும் சொல்லாம ரிஜிஸ்டர எடுத்து, மொத சீன்ல விட்ட கட்டத்த நிரப்புவான். என்ன எழுதினான்னு நாங்க காட்டல.

இதுக்குள்ள வேலைக்கு ஆகற மாதிரி கொஞ்சம் சொல்லிடறேன், யாராவது ஸ்கூல்லயோ காலேஜ்லயோ நாடகம் போடறவங்க இருந்தா. வட்டார வழக்க ஸ்கிரிப்ட்ல எழுத்துக்கு எழுத்து எழுதாதீங்க. 'வந்துகினுகீறேன்'னு எழுதிக் குடுத்தா நடிகருக்குப் படிக்கவே அரை நிமிஷம் ஆகும், சொல்லும்போது சினிமாவா வரும். சாதாரணமா எழுதிக் குடுத்து, உங்க வூட்ல எப்படி சொல்லுவீங்களோ அப்படி சொல்லுங்கன்னு விட்டுட்டா தானா வரும். ஊர்க்காரங்க இல்லாத நடிகருக்கு வழக்கே வேணாம், தப்பான வழக்கவிட சாதாத் தமிழ் மேல். அப்புறம் பாஷை, மரியாதை, முறை எங்கெல்லாம் மாறுதோ அங்க ஒண்டி செவப்பு பேனால கோடு போட்டுக்கோங்க. எங்க ஸ்கிரிப்ட்ல மொத்தம் 41 எடம் வந்துச்சு. கடைசி வாரம் முழு ரிகர்சலுக்கு ஆளு சேரல, ஒருத்தருக்கு நைட் ஷிப்டு, ஒருத்தருக்குக் கல்யாணம், அதனால அந்த 41 எடத்த மட்டும் திரும்பத் திரும்பப் பண்ணோம், முழு ரிகர்சலவிட அதுதான் உதவுச்சு. வாய்விட்டுச் சொல்றதுக்கு முன்னாடி உடம்பு மாறணும், தொண்டை அப்புறம். அந்தப் பெரியவரு டீ கிளாஸ கீழ வச்ச மாதிரி.

பெங்காலி பேசற சீனுக்கு விளக்கம் குடுக்கணுமான்னு கேட்டாங்க. குடுக்கல. வேலூர் ஆடியன்ஸுக்குப் பாதி புரியும், மீதிய அந்தப் பையன் மாதிரியே தடவித் தடவிப் புரிஞ்சிக்கட்டும்னு விட்டோம். சென்னைல போட்டப்ப அந்த சீன்ல கொஞ்சம் நெளிஞ்சாங்க, அது எனக்குத் திருப்தியாதான் இருந்துச்சு.

சிரிப்பு வர்ற எடத்தையும் பாத்துக்கோங்க. ரிகர்சல்ல வெளியாள் ஒருத்தர உக்கார வச்சு, எங்க சிரிக்கிறாங்கன்னு குறிச்சுக்கோங்க. வசனத்துல இருக்கற விஷயத்துக்கு சிரிச்சா சரி, பேசற விதத்துக்கு சிரிச்சா அந்த வரில நீங்க யாரையோ கேலி பண்றீங்கன்னு அர்த்தம், உங்களுக்கே தெரியாம. எங்களுக்கு ரெண்டாந்தடவ அந்த போன் சீன்ல சிரிப்பு வரல. மருதாணி தாடிப் பெரியவரு ரெண்டாவது வரிசைல உக்காந்துகினு இருந்தாரு, நான் நாடகத்தப் பாக்கல, அவரு மொகத்ததான் பாத்துகினு இருந்தேன்.

2019ல மூணு ஷோ போட்டோம். மொத ஷோவுல டீச்சரக்காவுக்கு அந்த கேஸ் வரி தடுக்கிடுச்சு. நாலு நாள் சண்டைல காதுல விழுந்ததெல்லாம் ஒண்ணா கலந்துடுச்சு போல, "வேணாம்பா, அது வந்தா பண்ணும்..."னு ஆரம்பிச்சு, நின்னு, எச்சில முழுங்கி, "பண்ணுவா. அவ வந்தா பண்ணுவா"ன்னாங்க. ஸ்கிரிப்ட்ல இல்ல, முழுத் தப்பு. சைடுல நின்ன எனக்குக் கழுத்துல முடி நட்டுகிச்சு. எழுதியிருந்தாகூட அப்படி வராது. ஷோ முடிஞ்சதும் எல்லாரும் அக்காவ சூழ்ந்துகினு அந்தத் தடுமாற்றத்தையே வச்சிக்கோங்க, அதே மாதிரி பண்ணுங்கன்னோம். அக்கா வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு பழகிகினு வந்தாங்க. ரெண்டாவது ஷோவுல நடிப்பு மாதிரி இருந்துச்சு. மூணாவதுல அந்த 'அது'வுக்கும் 'அவ'வுக்கும் நடுவுல அவ்ளோ பெரிய கேப்பு விட்டாங்க, பின்னாடி ஒருத்தரு வசனம் மறந்துட்டாங்க போலன்னு சத்தமாவே சொன்னாரு.

வேன்ல பிளைவுட்ட ஏத்தும்போது நான் புலம்பினேன், மொத நாள் வந்தது ஏன் மறுபடி வரலன்னு. அவங்க பொடவைய இடுப்புல சொருகிகினு பலகையோட இன்னொரு முனைய தூக்கினாங்க.

"விடுங்கண்ணா. எங்கம்மாவும் ஒரு தடவதான் அப்டி தடுக்குனாங்க. மறுநாள்லேருந்து பழகிடுச்சு. தூக்குங்க, கை வலிக்குது."